அட்டெண்டன்ஸ் முடியும்வரை வேப்பமரத்தடியில் நின்ற பையன்

ஏழாம் வகுப்பு டீச்சர், தேனி மாவட்டம்

வகுப்பில் ஒரு பிள்ளையை மற்றவர்கள் சீண்டிக்கொண்டே இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியவந்தது? என் வகுப்பில் நடந்ததை முதலில் சொல்கிறேன். நானாகக் கண்டுபிடிக்கவில்லை, ஒரு பிள்ளை எழுதிப் போட்டுத்தான் தெரிந்தது.

அரசு நடுநிலைப் பள்ளி, வகுப்பில் 32 பேர். ஒரு பையன் ஜூன் மாதம் முழுக்க ஒழுங்காக வந்தான். ஜூலையிலிருந்து தினமும் லேட். வீடு பள்ளிக்குப் பின்தெருவில்தான். இரண்டு முறை வெளியே நிற்க வைத்தேன். ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தால், கைப்பம்புக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறான். நான் பதிவேட்டை மூடியதும் நடந்து வருகிறான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. திமிர் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் பள்ளியிலும் 'மாணவர் மனசு' பெட்டி உண்டு. கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, பி.டி. பீரியட் வேண்டும் என்றுதான் பெரும்பாலும் சீட்டு விழும். ஆகஸ்டில் திறந்தபோது கோடு போட்ட நோட்டில் கிழித்த ஒரு தாள், நாலாக மடித்தது. பெயர் இல்லை.

"டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவன் பேரக் கூப்பிடாதீங்க. அவன் உள்ளேன் டீச்சர் சொல்ல நேரமாகும். எல்லாரும் பஃபரிங் பஃபரிங்னு சொல்றாங்க."

அவனுக்குத் திக்குவாய். 'உள்ளேன்' என்பதில் அந்த 'உ' வெளியே வருவதற்குள் பின்பெஞ்சில் சிரிப்பு கிளம்பிவிடும். செல்போனில் வீடியோ ஓடாமல் சுற்றிக்கொண்டே நிற்குமே, அந்தப் பெயரை அவனுக்கு வைத்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு என் காதிலும் விழுந்ததுதான். "சைலன்ஸ்" என்று டஸ்டரைத் தட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உறுத்துகிறது.

மறுநாளிலிருந்து பெயர் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். யாருக்கும் காரணம் சொல்லவில்லை. சிரித்த நாலு பேரையும் சேர்த்து நிறுத்தித் திட்டவும் இல்லை, சேர்ந்து நின்றால் அதுவே அவர்களுக்குத் தெம்பு. சத்துணவு முடிந்தபின் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டேன்: "அவன் ஏன் லேட்டா வர்றான், தெரியுமா?" மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது. ஒருவன் மட்டும் நிஜமாகவே முழித்தான். சொன்னதும் அவன் முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பெயரை வைத்தவனே அவன்தான்.

சீட்டு எழுதியது யாரென்று கையெழுத்திலேயே எனக்குத் தெரியும். இதுவரை கேட்டுக்கொள்ளவில்லை. காட்டிக்கொடுத்தவள் என்று அவளுக்கும் ஒரு பெயர் வந்துவிடக் கூடாது.

இரண்டு பிள்ளைகளின் அப்பா, கோவை

நான் இன்னொரு பக்கத்திலிருந்து சொல்கிறேன். சீண்டியது என் மகன். ஒன்பதாம் வகுப்பு.

கூடப் படிக்கும் பையன் சாப்பிடும்போது எடுத்த போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கி, வகுப்பு குரூப்பில் போட்டிருக்கிறான். அந்தப் பையனின் அம்மா எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். கீழே ஒரே வரி: "உங்க பையன் நம்பர்லருந்து வந்திருக்கு அண்ணா." விளையாட்டுக்குப் பண்ணியிருப்பான் என்று டைப் செய்துவிட்டேன். நல்லவேளை, அனுப்புவதற்கு முன் அழித்தேன்.

அன்று சாயங்காலமே மகனைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். என் மகன் தரையைப் பார்த்துக்கொண்டு 'சாரி' சொன்னான். அந்தப் பையன் கோபப்படவே இல்லை. "நீ டெலிட் பண்ணிட்டடா. மத்தவங்க போன்ல இருக்குல்ல?" என்றான். எனக்கும் பதில் இல்லை.

போனைப் பிடுங்கி வைக்கலாம் என்றாள் மனைவி. நான் வேண்டாம் என்றேன். குரூப்பில் இருந்த 38 பேரிடமும் அவனே போய், அதை அழிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றேன். இரண்டு வாரம் ஆனது. இரண்டு பேர் கடைசிவரை அழிக்கவில்லை. அதை என்னிடம் வந்து சொன்ன அன்று அவன் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

ஓய்வுபெற்ற பி.இ.டி. மாஸ்டர், திருநெல்வேலி

டீச்சரம்மா, லேட்டாக வருவதும் லீவு போடுவதும்தான் முதல் அடையாளம். எங்கள் ஊர்ப் பக்கம் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பிளஸ் டூ படித்த அந்தப் பையனும் சாதியின் பேரால் சீண்டல் தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் நின்றவன்தான். ஏன் வரவில்லை என்று கேட்டபோது நடந்ததைச் சொன்னான். சொன்னதற்காக, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் சேர்த்து. அடுத்த வருடம் அதே பிள்ளை பிளஸ் டூவில் 600க்கு 469 வாங்கியபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சொன்ன பிள்ளையைக் காப்பாற்றுவது எவ்வளவு முக்கியம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டு, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் கலர் கயிற்றைக் கையில் கட்டக் கூடாது, பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. கயிறு பற்றி 2019இலேயே துறை சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு வந்ததும் கிடப்பில் போய்விட்டது. அந்த வருடங்களை நாம் வீணாக்கியிருக்கக் கூடாது.

என் கிரவுண்டில் கபடிக்கு ஆள் பிரிக்கச் சொன்னால் பையன்கள் கயிற்றின் நிறம் பார்த்துத்தான் பிரிவார்கள். நான் பதிவேட்டு எண்ணை எடுத்தேன். ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை ஒரு பக்கம். முதல் வாரம் பாடிப் போனவனைத் தன் அணிக்காரனே கைதட்டி உற்சாகப்படுத்தவில்லை. மூன்றாவது வாரம், பிடிபட்டவனின் முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தபோது, தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியவன் கையில் வேறு நிறக் கயிறு இருந்தது. எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். கிரவுண்டை விட்டு வெளியே போனால் தெரு பழையபடிதான் இருந்தது.

ஒரு அம்மா, மதுரை

என் மகளுக்கும் திக்குகிறது, ஆறாம் வகுப்பு. அந்தப் பையனுக்குப் பயிற்சி ஏதாவது கிடைத்ததா டீச்சர்?

ஏழாம் வகுப்பு டீச்சர், தேனி மாவட்டம்

கிடைத்தது அக்கா. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் சொன்னேன், அவர்தான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வழிகாட்டினார். அங்கே பேச்சுப் பயிற்சி தருகிறார்கள், செலவில்லை. உங்கள் ஊர் பெரியாஸ்பத்திரியிலும் கேளுங்கள். வகுப்பில் யாராவது கேலி செய்து, பள்ளியில் காது கொடுக்கவில்லை என்றால் 14417க்கு அடியுங்கள். குழந்தைகளுக்கான 1098ம் இருக்கிறது.

பேச்சு இன்னும் திக்கத்தான் செய்கிறது. ஆனால் இப்போதெல்லாம் முதல் மணிக்கு முன்னாலேயே வந்து, அந்தக் கைப்பம்பில் வகுப்புக் குடத்தை நிரப்பி வைக்கிறான். பம்பு அடிப்பவன் அந்தப் பெயர் வைத்த பையன். நான் சொல்லவில்லை, அவர்களாகவே செய்கிறார்கள்.