பாளையக்காரர் பாடம் நடத்தியபோது வகுப்பில் நடந்த, இன்னும் மறக்காத ஒன்று

கரிசல்மண்

கோவில்பட்டிப் பக்கம் படித்தவன் நான். அந்த வட்டாரத்தில் கட்டபொம்மன் பாடம் நடக்கும் வகுப்பு எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆளுக்கொரு பத்தியாக எழுந்து வாசிக்க வேண்டும். 1799 செப்டம்பர், கம்பெனித் தளபதி பானர்மேன் படை, கோட்டை முற்றுகை எல்லாம் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த பத்தி கடைசி பெஞ்சுக்காரனுக்கு. எட்டயபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவன். கம்பெனிக்காரனுக்கு எட்டயபுரம் துணை போன செய்தி அவனுடைய பத்தியில்தான் இருந்தது. ஊர்ப்பெயர் வந்த இடத்தில் நின்றுவிட்டான். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது. "எட்டப்பா, படிடா" என்று ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள், நானும்.

அவன் அந்தச் சொல்லை விட்டுவிட்டு அடுத்த வரியிலிருந்து வாசித்து முடித்தான். புத்தகத்தைப் பிடித்திருந்த விரல் அந்த ஊர்ப்பெயர் மேலேயே இருந்தது. நான் பக்கத்து வரிசை, எனக்குத் தெரிந்தது. ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருடம் முழுக்க அவனுக்கு அதுதான் பெயர். பாரதி பிறந்த ஊர், உமறுப்புலவரும் முத்துசாமி தீட்சிதரும் அடங்கிய ஊர். அதில் ஒன்றைக்கூட நாங்கள் அவனிடம் சொன்னதில்லை.

போன வாரம் என் மகள் அதே பாடத்தை வீட்டில் சத்தமாக வாசித்தாள். அந்த இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். உங்கள் வகுப்பிலும் இப்படி மறக்காத ஒன்று நடந்திருந்தால் எழுதுங்கள்.

வெள்ளாற்றங்கரை

அண்ணே, அந்தப் பையன் முன்னால் யாராவது எழுந்து ஒன்று சொல்லியிருக்க வேண்டும். கோலார்பட்டிச் சண்டையில் பிடிபட்டது கட்டபொம்மனின் அமைச்சர் தானாபதிப் பிள்ளை. கட்டபொம்மன் தப்பிப் போனது எங்கள் பக்கம். களப்பூர்க் காட்டில் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டை விஜயரகுநாதத் தொண்டைமான்.

நான் புதுக்கோட்டை. எங்கள் வகுப்பில் சார் கேட்டார், கட்டபொம்மனைக் காட்டிக் கொடுத்தது யார் என்று. எல்லோரும் ஒரே குரலில் "எட்டப்பன்". சார் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். எனக்கு விடை தெரியும், தாத்தா சொல்லியிருந்தார். கையைத் தூக்கவில்லை. பழி வேறு ஊர் மேல் விழுகிறதே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி கூட இருந்தது. உங்கள் பதிவைப் படித்த பிறகு அந்த நிம்மதிதான் உறுத்துகிறது. ஏதோ ஒரு பள்ளியில் ஒருவன் அதற்கான விலையைக் கொடுத்திருக்கிறான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தொண்டைமான்கள் அதற்கு முந்தைய கர்நாடகப் போர்க் காலத்திலிருந்தே நவாப் பக்கமும் கம்பெனி பக்கமும் இருந்தவர்கள். ஒருநாள் திடீரென்று மாறிவிடவில்லை.

ஒட்டப்பிடாரத்தாள்

வெள்ளாற்றங்கரை சார், முதலிலிருந்தே அந்தப் பக்கம் இருந்தார்கள் என்றால் சரியாகிவிடுமா? நம்பி வந்தவரைத்தானே பிடித்துக் கொடுத்தார்கள். ஒப்படைத்த பிறகு கயத்தாற்றில் நடந்தது விசாரணை இல்லை. மற்ற பாளையக்காரர்களை வரவழைத்து உட்கார வைத்து, அவர்கள் பார்க்க அக்டோபர் 16 அன்று புளியமரத்தில் தூக்கில் போட்டார்கள். பார்த்தவர்கள் பயப்பட வேண்டும் என்பதுதான் நோக்கம். சரி, இதில் உங்கள் மேல் கோபமில்லை.

என் அனுபவம் பாஞ்சாலங்குறிச்சிச் சுற்றுலா. எங்கள் ஊரிலிருந்து நடந்தே போகலாம், ஆனாலும் பள்ளியில் வண்டி வைத்துக் கூட்டிப் போனார்கள். பையன்கள் கோட்டை வாசலில் நின்று படத்து வசனத்தை முழங்கிக்கொண்டிருந்தார்கள். அது 1974இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை என்று டீச்சர் சொன்னதும் எல்லோர் முகமும் விழுந்துவிட்டது. அப்படியென்றால் பழையது எங்கே என்று கேட்டோம். பின்னால் கூட்டிப் போய் வெறும் மேட்டையும் அடித்தளக் கற்களையும் காட்டினார்.

அங்கே நின்றுதான் 1801 மே 24ஐப் பற்றிச் சொன்னார். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்த கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை மண்ணைக் குழைத்து எழுப்பிய கோட்டை அன்று விழுந்தது. இரவில் ஒரு தாய் பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடுகிறாள். உயிரோடு கிடந்த மகன், என்னை விடு, பக்கத்தில் சாமி காயப்பட்டுக் கிடக்கிறார், அவரைத் தூக்கிப் போ என்கிறான். சாமி என்றது ஊமைத்துரையை. பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு ஊரில் கிடத்துகிறார்கள். தேடிக்கொண்டு எட்டயபுரத்து ஆட்கள் வருகிறார்கள். உடனே மேலே துணியைப் போர்த்தி, அம்மை கண்டு பையன் செத்துப் போனான் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் ஓடிவிடுகிறார்கள். இதை எழுதி வைத்தது எதிர்ப் படையிலிருந்த வெல்ஷ் என்கிற ஆங்கிலேய அதிகாரிதான் என்றார் டீச்சர்.

வசனம் பேசிய பையன்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு இன்றுவரை அந்த மகனின் நினைப்புதான். அவனைப் பிறகு யார் தூக்கினார்கள்? அந்த அம்மா திரும்பிப் போனாளா? அதைக் கேட்காமலே வண்டி ஏறிவிட்டேன்.

அகழி ஓரம்

வேலூர். நான் இங்கே சமூக அறிவியல் ஆசிரியை. 1806 வேலூர்ப் புரட்சிப் பாடம். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும், இதுதான் சிப்பாய்களுக்கு வந்த உத்தரவு என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். முதல் பெஞ்சில் விபூதி பூசிய பையன் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவனுக்கு இன்னும் தாடி முளைக்காத வயது, அவன் அப்பாவுக்கு நல்ல நீளத் தாடி. "அப்பாவும் எடுக்கணுமா டீச்சர்?" என்றான். உத்தரவு போட்டு 200 வருடத்துக்கு மேலாகிறது, அவன் கேட்டது இன்றைய கேள்வியைப் போல. யாரும் எடுக்கச் சொல்ல மாட்டார்கள் கண்ணு என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

ஒட்டப்பிடாரத்தாளுக்கு ஒரு செய்தி. அந்தத் தலைப்பாகைக்குப் பெயரே அக்னியூ தலைப்பாகை. உங்கள் ஊர்க் கோட்டையை 1801இல் தரைமட்டமாக்கிய அதே கர்னல் அக்னியூதான், ஐந்து வருடம் கழித்து இங்கே.

மதிப்பெண் 98

இந்தப் பாடத்தில் எனக்குப் போனது ஒரே ஒரு மதிப்பெண். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட ஆண்டு 1799 என்று எழுதிவிட்டேன். கட்டபொம்மன் தூக்கும் அவர்கள் தூக்கும் இரண்டுமே அக்டோபர், குழம்பிவிட்டது. இப்போதும் அந்த மாதம் வந்தால் நினைவு வரும்.

இந்த வருடம் பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைச் செய்யச் சொல்லுங்கள். காலக்கோட்டை ஆண்டாகப் படிக்காமல் ஆட்களாகப் படிக்கட்டும். 1772 காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் சாகிறார். அவர் மனைவி வேலு நாச்சியார் திண்டுக்கல் அருகே விருப்பாட்சியில் எட்டு ஆண்டு இருந்து, ஹைதர் அலி உதவியோடு 1780இல் சிவகங்கையைத் திரும்பப் பிடிக்கிறார். இந்த எட்டு ஆண்டை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் மற்றது தானாக வரிசையில் நிற்கும். அடுத்து கட்டபொம்மன், 1799 அக்டோபர் 16, கயத்தாறு. ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பியது 1801 தொடக்கம். அவருக்கு இடம் கொடுத்ததால் மருதுகள் மேல் போர். அதே வருடம் ஜூனில் ஆங்கிலேயருக்கு எதிராக மருதுகள் வெளியிட்ட திருச்சி அறிக்கை, மலைக்கோட்டை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் சுவரிலும் ஒட்டியது. அக்டோபர் 24 திருப்பத்தூரில் தூக்கு. இந்தத் திருப்பத்தூர் சிவகங்கைச் சீமையில் இருப்பது, வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூர் இல்லை. வரைபடக் கேள்வியில் பலர் அங்கேதான் தவறு செய்கிறார்கள். நவம்பரில் ஊமைத்துரையும் போய்விட்டார். கைடில் இருப்பதைக் கறுப்பு மையில் எழுதிப் பாருங்கள், ஆண்டுக்கு மட்டும் நீல மை. வாரம் இரண்டு முறை போதும்.

கரிசல்மண்

தம்பி, நல்ல மனதோடுதான் சொல்கிறாய். நான் கேட்டது மதிப்பெண்ணைப் பற்றி இல்லை.

பினாங்குக் கடற்கரை

நான் மலேசியா. எங்களுக்கு இடைநிலைப்பள்ளியில் வரலாறு என்றால் இங்கே ஆங்கிலேயரை எதிர்த்தவர்கள்: பேராக்கின் மகாராஜலேலா, 1875இல் பாசிர் சாலாக்கில் ஆங்கிலேய ரெசிடென்ட் பிர்ச் கொல்லப்பட்டது, நானிங்கின் டோல் சைட், பகாங்கின் மாட் கிலாவ். 2013 முதல் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் வரலாற்றில் தேறியே ஆக வேண்டும், அதனால் உருப்போட்டுப் படித்தோம். அதில் குறை சொல்ல மாட்டேன், அவர்களும் மண்ணுக்காக நின்றவர்கள்தான்.

ஆனால் நான்காம் படிவத்தில் ஒரு நாள் எங்கள் தமிழாசிரியர், கைக்காசில் எடுத்த ஒரு பக்க நகலைக் கொண்டுவந்தார். 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் ஏற்றி நாடு கடத்தப்பட்ட 73 பேரைப் பற்றியது. எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டுவிட்டுச் சன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே கடல் தெரிந்தது. இங்கே, என்றார்.

அந்த 73 பேரில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவர். ஏறக்குறைய 15 வயது. எங்கள் வயதைவிடக் குறைவு. ஒட்டப்பிடாரத்து அக்கா சொன்ன அதே வெல்ஷ்தான் தூத்துக்குடியில் கைதிகளுக்குக் காவல் அதிகாரி. அவரே 1818இல் பினாங்கு வந்தபோது துரைசாமியை மறுபடி பார்க்கிறார். அடையாளம் தெரியவில்லை. முப்பது வயதைச் சற்றே தாண்டியவர், கிழவராகத் தளர்ந்திருந்தார்.

அன்று மாலை நானும் இரண்டு நண்பர்களும் கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போனோம். ஏதாவது பெயர்ப் பலகை இருக்கும் என்று சுவர் சுவராகத் தேடினோம். இருட்டும்வரை தேடினோம், எங்கள் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

கரிசல்மண்

எட்டயபுரத்து நண்பனின் எண் பழைய வகுப்புத் தோழன் ஒருவனிடம் கிடைத்தது. நேற்று ராத்திரி பேசினேன். அந்த நாளைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "நீ சிரிச்சது எனக்குத் தெரியாதுடா" என்றான்.