ஸ்கரப் இல்லை என்று மெமரியையே தூக்கி எறிந்த கதை: டிரைவர் எழுதுவோர் அனுபவங்கள்

சிஎக்ஸ்எல் (பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியே மெஷினுக்குக் கூடுதல் மெமரி தரும் இணைப்பு முறை) மெமரி கார்டு ஒன்றுக்கு லினக்ஸ் டிரைவர் பராமரிக்கும் சின்னக் குழுவில் இருக்கிறேன். கெர்னலோடு வரும் டிரைவர் அல்ல, அதற்குப் பக்கத்தில் நாங்களே வைத்திருக்கும் பிசிஐ டிரைவர். அதில் நாங்கள் அடித்த கூத்தைச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

ப்ரோப் ஃபங்ஷனின் (கார்டு கண்ணில் பட்டதும் டிரைவரை அதோடு இணைக்கும் ஃபங்ஷன்) கடைசியில் பேட்ரோல் ஸ்கரப்பைச் சேர்த்தோம். மெமரி முழுவதையும் நிதானமாகப் படித்துக்கொண்டே போய், திருத்தக்கூடிய பிட் பிழை கண்ட இடத்தைத் திருத்தி எழுதும் வசதி அது. எத்தனை மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்பதை சிஸ்எஃப்எஸ் (கெர்னல் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) கோப்பு வழியாக மாற்றலாம். பதிவு செய்யும் ஃபங்ஷன் பிழை தந்தால் அந்த எண்ணை அப்படியே ரிட்டர்ன் செய்தோம். அதற்கு மேலே இருந்த எல்லா அழைப்புகளும் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தன, கை பழகிவிட்டது.

பிறகு ஒருநாள் பழைய ஃபர்ம்வேர் உள்ள கார்டைச் செருகினோம். அதில் ஸ்கரப் கிடையாது. கேட்டதற்கு மெயில்பாக்ஸ் (கார்டுக்குக் கட்டளை அனுப்பிப் பதில் வாங்கும் வழி) நேர்மையாக 'ஆதரவு இல்லை' என்றது. எங்கள் டிரைவர் அதை -95 என்ற பிழை எண்ணாக்கி மேலே அனுப்பியது. ப்ரோப் தோற்றால், டெவ்எம் (எடுத்ததைச் சாதனத்தோடு பிணைத்துத் தானாக விடுவிக்கும் கெர்னல் ஏற்பாடு) வழியாக எடுத்ததெல்லாம் எடுத்த வரிசைக்குத் தலைகீழாக விடுபடும். ரெஜிஸ்டர் மேப்பிங் போனது, இன்டரப்ட் போனது, மெமரியும் போனது. மெஷின் பாதி மெமரியோடு பூட் ஆகி நின்றது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்கள் என்பார்களே, நாங்கள் மூட்டைப்பூச்சி மருந்து கிடைக்கவில்லை என்று கொளுத்தியிருக்கிறோம்.

கெர்னலின் சொந்த சிஎக்ஸ்எல் டிரைவரைத் திறந்து பார்த்தால், எடாக்கில் (மெமரிப் பிழைகளைக் கவனிக்கும் கெர்னல் பகுதி; ஸ்கரப்பும் அதன் வழியாகத்தான்) பதிவு தோற்றபோது ஒரு டீபக் செய்தி எழுதிவிட்டு ப்ரோப் தொடர்கிறது. நாங்களும் ரிட்டர்னை எடுத்துவிட்டோம். முடிந்தது என்று நினைத்தோம். உண்மையான வம்பு அங்கேதான் ஆரம்பம்.

ஸ்கரப்புக்கு அடுத்து, பழுதான வரிசையை மாற்றும் ரிப்பேர் வசதியையும் அதே ஃபங்ஷன் பதிவு செய்யும். இரண்டுக்கும் பொதுவான கான்டெக்ஸ்ட்டை (விவரங்கள் வைக்கும் மெமரித் துண்டு) கேஇசட்அலாக் மூலம், அதாவது நாமே விடுவிக்க வேண்டிய முறையில், எடுத்திருந்தோம். ஸ்கரப் பதிவாகிவிட்டது, ரிப்பேர் தோற்றது, பிழைப் பாதை கான்டெக்ஸ்ட்டை விடுவித்துவிட்டு வெளியே வந்தது. முன்பு ப்ரோப்பே தோற்றதால் ஸ்கரப்பின் சிஸ்எஃப்எஸ் கோப்பும் கூடவே அழிந்துபோகும். இப்போது ப்ரோப் தொடர்கிறது, அதனால் கோப்பு உயிரோடு இருக்கிறது, அது சுட்டும் மெமரி மட்டும் செத்துவிட்டது. யாரோ அந்தக் கோப்பைப் படித்ததும் கேசன் (விடுவித்த மெமரியைத் தொட்டால் காட்டிக்கொடுக்கும் கெர்னல் சோதனைக் கருவி) கத்தியது. கேசன் இல்லாத கெர்னலாக இருந்தால் எத்தனை நாள் தெரியாமல் ஓடியிருக்குமோ.

கடைசியில் டெவ்ரெஸ் குரூப்பில் (டெவ்எம் வழியாக எடுத்தவற்றில் ஒரு பகுதியை மட்டும் சேர்த்து விடுவிக்க உதவும் கட்டு) போய் நின்றோம். வசதிகளைப் பதிவு செய்யும் முன் ஒரு குரூப் திறப்பது, கான்டெக்ஸ்ட்டையும் டெவ்எம் வழியாகவே எடுப்பது, நடுவில் எது தோற்றாலும் அந்தக் குரூப்பை மட்டும் விடுவிப்பது. வசதிகள் கூண்டோடு போகும், மெமரி தொடப்படாது. 'பிழையைக் கண்டுகொள்ளாதே' என்பதை ஒரு வரியை நீக்கிச் செய்ய முடியாது. அதுவரை எடுத்ததைத் திருப்பி வைக்கும் பொறுப்பு அப்போது உங்கள் தலையில் வந்து விழுகிறது.

*

அந்த டீபக் செய்தி விஷயத்தில எனக்கு உடன்பாடு இல்ல. எங்க கதை நேரெதிர்.

ஈசிசி (மெமரிப் பிழையைக் கண்டுபிடிச்சுத் திருத்துற வசதி) சர்வர் ஒரு கூட்டம். 64 பிட் டேட்டாவுக்கு 8 செக் பிட், 72 பிட் மாட்யூல், எல்லாம் காசு கொடுத்து வாங்கினது. திருத்தப்பட்ட பிழை எத்தனைன்னு கண்காணிக்கிற ஸ்கிரிப்ட் எடாக் கோப்பைப் படிக்கும். ஒரே ஒரு மெஷின் மட்டும் மாசக்கணக்கா பூஜ்யம். நாங்க அதை நல்ல பிள்ளைன்னு கொண்டாடிட்டு இருந்தோம்.

ஒருநாள் அதுல டேட்டாபேஸ் கோப்பு கெட்டுப்போச்சு. உள்ளே போய்ப் பாத்தா எடாக் டைரக்டரியில எம்சி0-வே (மெமரி கன்ட்ரோலருக்கான இடம்) இல்ல. பயாஸ்ல ஈசிசி அணைஞ்சு கிடந்திருக்கு. டிரைவர் லோட் ஆகும்போது பாத்துட்டு, பூட் லாக்ல ஒரு வரி எழுதிட்டு, -19 ('சாதனம் இல்லை') சொல்லிட்டுக் கிளம்பிடுச்சு. அது செஞ்சது சரிதான், தப்பு எங்க ஸ்கிரிப்ட் மேல. கோப்பு இல்லன்னா 0ன்னு எழுதி வச்சிருந்தான் ஒரு மகானுபாவன். (நான்தான்.)

எண்ணிப் பாத்து பூஜ்யம் வர்றது வேற, எண்ண ஆளே இல்லாம பூஜ்யம் வர்றது வேற. ஸ்கரப் வேலை செய்யலன்னா கார்டு ஓடட்டும், சரி. ஆனா டீபக்ல போட்டா சாதாரணமா யார் கண்ணுலயும் படாது. 'ஆதரவு இல்லை'ன்னு வந்தா டீபக் போதும். இருக்குன்னு சொல்லிட்டு ஸ்டார்ட் ஆகலன்னா வார்னிங்காவது போடுங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல.

இன்னொண்ணு: பிழைகளை ஃபர்ம்வேரே முதல்ல பாத்துக்கிற மெஷின்ல, எடாக்கோட உரிமை வேற டிரைவர்கிட்ட போயிருக்கும். உங்க டிரைவருக்கு -16 ('வேற ஆள் கையில இருக்கு') வரும். அது பழுது இல்ல, அதுக்குப் போய் அலாரம் அடிக்காதீங்க.

*

மெமரி கன்ட்ரோலரின் வேகத்தையும் வோல்டேஜையும் மாற்றும் டிரைவரில் எனக்கு நேர்ந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

வோல்டேஜ் மாற்றும் ரெகுலேட்டர் சில போர்டுகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. எனவே 'ஆப்ஷனல்' என்று கேட்டு வாங்கினேன். எந்தப் பிழை வந்தாலும் ரெகுலேட்டர் இல்லை என்று எடுத்துக்கொண்டு மேலே போனேன். விளைவு: ஒரே போர்டு, ஒரே இமேஜ், சில பூட்டில் வோல்டேஜ் மாறும், சில பூட்டில் மாறாது. வன்பொருளைச் சந்தேகித்து இரண்டு போர்டுகளை மாற்றிப் பார்த்தோம். பாவம் போர்டுகள்.

வந்துகொண்டிருந்த எண் -517. 'இப்ப இல்லை, அப்புறம் வா' என்று பொருள். ரெகுலேட்டர் டிரைவர் அதுவரை லோட் ஆகியிருக்காது. அதை நான் 'இல்லவே இல்லை' என்று படித்திருக்கிறேன். யார் முதலில் லோட் ஆனார்களோ அதைப் பொறுத்து அன்றைய வோல்டேஜ்.

ஆகவே முதலில் எழுதிய நண்பருக்கு ஒரு வார்த்தை: வசதி தோற்றால் ப்ரோப் தோற்கக் கூடாது என்பதில் இந்த ஒரு எண்ணுக்கு விலக்கு உண்டு. -19 வந்தால் வசதி இல்லாமல் தொடருங்கள், -517 வந்தால் மேலே அனுப்புங்கள். கெர்னல் 5.9-இல் வந்த டெவ் எர் ப்ரோப் ஃபங்ஷனில் போட்டால், இந்த எண்ணுக்கு லாக்கைப் பிழைச் செய்திகளால் நிரப்பாது, காரணத்தை மட்டும் குறித்துவைக்கும். டீபக் எஃப்எஸ்ஸில் டிவைசஸ் டிஃபர்டு என்ற கோப்பைப் படித்தால் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரியும்.

*

டைம் அவுட் பற்றி யாரும் சொல்லவில்லையே. சிஎக்ஸ்எல் மெயில்பாக்ஸில் ஒரு கட்டளைக்கு 2 விநாடி கெடு. கெடு முடிந்தது என்றால் நாம் காத்திருப்பதை நிறுத்திவிட்டோம் என்றுதான் அர்த்தம். சாதனம் வேலையை நிறுத்தியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் முயற்சி தோற்றதும் நான் உடனே மறு முயற்சி அனுப்பினேன். இப்போது டோர்பெல் பிட் (கட்டளை முடிந்ததும் சாதனம் அணைக்கும் பிட்) இறங்கியதா என்று பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை. கெர்னல் டிரைவர் துவக்கத்தில் மெயில்பாக்ஸ் தயாராவதற்கு 60 விநாடிவரை பொறுக்கும். மெஷின் தொங்கிவிட்டது என்று நினைத்து அதற்குள் பவர் பட்டனை அழுத்தியவர்கள் எங்கள் அலுவலகத்தில் உண்டு.

*

முதலில் எழுதியவன் மீண்டும். -517 பற்றிச் சொன்னவருக்கு நன்றி, எங்கள் கோடில் தேடினேன், அதே தவறு ஒரு கிளாக் விஷயத்தில் இருக்கிறது. செய்தியின் அளவையும் மாற்றிவிட்டேன்: ஆதரவு இல்லையென்றால் டீபக், மற்ற தோல்விக்கெல்லாம் வார்னிங்.

இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது என்று ஒருவர் தனியே கேட்டார். ஒவ்வொரு மெமரி ஒதுக்கீட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்கடித்துப் பார்க்க விரும்பினேன். ஃபெயில்-என்த் (எத்தனையாவது ஒதுக்கீடு தோற்க வேண்டும் என்று சொல்லும்) கோப்பில் 1, 2, 3 என்று எழுதி மாட்யூலை லோட் செய்தேன். எதுவும் தோற்கவில்லை. நம் கோடு இவ்வளவு திடமா என்று அரை மணி நேரம் மகிழ்ச்சியாக இருந்தேன். அந்த எண், எழுதிய டாஸ்க்குக்கு மட்டும்தான் பொருந்தும். பிசிஐ பகுதியோ கார்டு இருக்கும் நோடின் (கார்டுக்கு அருகிலுள்ள சிபியு-மெமரித் தொகுதி) சிபியுவில் ஓடட்டும் என்று ப்ரோப்பை ஒரு வொர்க்கரிடம் (கெர்னலின் வேறொரு டாஸ்க்) கொடுத்துவிட்டிருந்தது. மீனே வராத இடத்தில் தூண்டில் போட்டிருக்கிறேன்.

ஃபெயில்ஸ்லாபில் (மெமரி ஒதுக்கீடுகளை வேண்டுமென்றே தோற்கடிக்கும் கெர்னல் வசதி) அழைப்பு அடுக்கை வைத்து வடிகட்டும் வசதி இருக்கிறது. மாட்யூலின் டெக்ஸ்ட் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கொடுத்தால், அதற்குள்ளிருந்து வரும் ஒதுக்கீடுகள் மட்டும் தோற்கும். பக்க ஒதுக்கீட்டுக்கு இதேபோன்ற ஸ்கிரிப்ட் கெர்னல் ஆவணத்தில் இருக்கிறது. அதை ஃபெயில்ஸ்லாபுக்கு மாற்றி ஓட்டியதில் இன்னும் மூன்று இடங்கள் அகப்பட்டன. இரண்டைச் சரிசெய்துவிட்டேன். மூன்றாவதில் ரிப்பேர் தோற்றபின் மாட்யூலை நீக்கினால் ஒரே கான்டெக்ஸ்ட் இரண்டு முறை விடுவிக்கப்படுகிறது. டெவ்ரெஸ் குரூப் போட்ட அன்று பழைய கேஃப்ரீயை (கையால் விடுவிக்கும் அழைப்பு) அழிக்க மறந்திருக்கிறேன் என்று சந்தேகம், திங்கட்கிழமை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.