1:12 அளவுல குடும்பத்தினர் சாயல் பொம்மை: தாத்தா முகம் ஏன் குழந்தை முகமாவே வருது?

கூடத்து ஊஞ்சல் (சேலம், அம்மாபேட்டை):
எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷக் கொலுவுக்கு 1:12 அளவுல ஒரு ஓட்டு வீடு. திண்ணை, கூடம், அடுப்படி எல்லாம் முடிஞ்சது. உள்ளே வைக்க நாலு பேர் வேணும்: தாத்தா (5 அடி 7 அங்குலம்), பாட்டி (5 அடி), அம்மா, மூன்றரை அடி உயரத்துல ஒரு அஞ்சு வயசுப் பொண்ணு. பாலிமர் களிமண் (சூட்டுல சுட்டு இறுக வைக்கிற பிளாஸ்டிக் களிமண்) இருக்கு, அதைச் சுட சின்ன ஓடிஜியும் (மின்சார அவன்) இருக்கு. தாத்தா முகத்துல எத்தனை கோடு போட்டாலும் மீசை வச்ச சின்னப் பையன் மாதிரிதான் தெரியுது. சுட்டு எடுத்தா கன்னத்துல விரிசல், நெத்தியில பழுப்புத் திட்டு. பாட்டிக்குப் பழைய சேலம் பட்டுல ஒரு துண்டு வெட்டிக் கட்டலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மரப்பாச்சி:
முதல்ல அளவை சரி பாருங்க. இந்த அளவுல ஒரு அடிக்கு ஒரு அங்குலம். அப்படின்னா தாத்தா 14.2 செ.மீ., பாட்டி 12.7, பொண்ணு 8.9. பெரியவங்களுக்குத் தலை மொத்த உயரத்துல ஏழில் ஒரு பங்கோ கொஞ்சம் குறைவாவோதான் வரும். தாத்தா தலை உச்சியிலிருந்து தாடை வரைக்கும் 1.9 செ.மீ., நேரா பார்த்தா அகலம் 1.2 முதல் 1.3 செ.மீ. பொண்ணுக்கு ஆறில் ஒரு பங்கு, 1.5 செ.மீ. முடி ஒட்டுறதுக்கு உச்சியில 1 மி.மீ. விட்டுட்டு மண்டையைப் பிடிக்கணும். அந்த இடம் விடலேன்னா தலை வீங்கும், தலை வீங்கினா வயசு குறையும்.

கண்ணும் அப்படித்தான். பெரியவங்களுக்குக் கண் தலையோட சரிபாதி உயரத்துல இருக்கும், குழந்தைக்குத்தான் பாதிக்குக் கீழே. கையில பிடிச்சுச் செய்யும்போது எல்லாரும் கண்ணைக் கொஞ்சம் கீழேயும் கொஞ்சம் பெருசாவும் வச்சுடுவாங்க. தாத்தா பையனாகுறது அங்கதான், கோட்டுல இல்லை. ஒரு கண்ணோட அகலம் 2.5 மி.மீ., கருவிழி சரியா 1 மி.மீ. மேல் இமை கருவிழியோட மேல்பக்கத்தைக் கொஞ்சம் மூடணும். கருவிழியைச் சுத்தி நாலு பக்கமும் வெள்ளை தெரிஞ்சா பேயைப் பார்த்த முழி வந்துடும். வெள்ளைக்கு அப்படியே வெள்ளை பெயிண்ட் வேண்டாம், துளி பழுப்பு கலந்துக்குங்க.

வயசு காட்டுற இடங்கள் வேற. காது நீளும், மூக்கு நுனி இறங்கும், மேலுதடு மெலியும், நெத்திப்பொட்டுல (கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல) குழி விழும். பல் போயிருந்தா உதடு உள்ளே போய் மூக்குக்கும் தாடைக்கும் நடுவுல இருக்கிற தூரம் குறையும். இதை மட்டும் சரியா பிடிச்சா பாட்டி பாட்டியாகிடுவாங்க. சுருக்கத்துக்கு ஊசியால நேரா கீறாதீங்க. முகத்து மேல மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி அதுக்கு மேல அழுத்துங்க, கோட்டோட விளிம்பு மழுங்கி தோல் மடிப்பு மாதிரி வரும்.

மாதிரிக்கு எடுக்கிற போட்டோ முக்கியம். ஃபோனை முகத்துக்கிட்ட வச்சு எடுத்தா மூக்கு பெருத்து காது பின்னாடி போயிடும். ரெண்டு மூணு மீட்டர் தள்ளி நின்னு ஜூம் பண்ணி, முன்பக்கம் ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு. ரெண்டையும் தலை உயரம் 1.9 செ.மீ. வர்ற மாதிரி பிரிண்ட் போட்டு, களிமண்ணை அது மேலேயே வச்சு ஒப்பிடுங்க. கைக்கெட்டுற தூரத்துல வச்சுப் பார்க்கிறவங்க கண்ணுக்கு மூக்கோட நுணுக்கம் தெரியாது. முடி ஏறின கோடு, புருவம், கண்ணாடி, தோள் சாஞ்ச விதம், தொப்பை, இதெல்லாம்தான் "அட, நம்ம தாத்தா!"ன்னு சொல்ல வைக்கும்.

கண்ணாடி ஃபிரேமுக்கு 30 கேஜ் செம்புக் கம்பியை காலி பேனா ரீஃபில் மேல சுத்துங்க. மோட்டார் ரீவைண்டிங் கடையில துண்டுக் கம்பி கேஜ் வாரியா கிடைக்கும்.

தோல் நிறம்: பாக்கெட்டுல "ஸ்கின்"னு வர்றது ரோஸ் தட்டும், நம்ம ஊர் முகத்துக்கு ஆகாது. டிரான்ஸ்லூசென்ட் (நிறமில்லாம ஒளி ஊடுருவுற களிமண்) 4 பங்கு, பிரவுன் 2, மஞ்சள் காவி 1, வெள்ளை 1. இங்கிருந்து ஆரம்பிங்க. நாலு பேருக்கும் ஒரே உருண்டையா கலந்துட்டு, பிறகு பிரிச்சு ஆளுக்கேத்தபடி பிரவுனோ வெள்ளையோ சேருங்க. ஒரே வீட்டு ஆளுங்கன்னு நிறமே சொல்லும். சுட்ட பிறகு கொஞ்சம் கருக்கும், அதனால பட்டாணி அளவு சுட்டுப் பார்த்துட்டு முகத்துக்குப் போங்க.

சேர்வராயன் (ஏற்காடு):
விரிசலுக்கு வர்றேன். உள்ளே அலுமினிய ஃபாயில் உருண்டை வச்சிருப்பீங்க. அது இறுக்கமா இல்லேன்னா இடுக்குல இருக்கிற காத்து சூட்டுல விரிஞ்சு வெளியே வழி தேடும். 6 மி.மீ. உருண்டையை ஸ்பூன் பின்பக்கத்தால தட்டி இறுக்குங்க, மேல திரவ பாலிமர் (திரவமா வர்ற பாலிமர் களிமண்) மெல்லிசா தடவி, சுத்திலும் 3 மி.மீ. களிமண் ஒரே கனமா வரட்டும். மூக்குப் பக்கம் கனமாவும் கன்னத்துல மெல்லிசாவும் இருந்தா கன்னம்தான் பிளக்கும். சுட்டதும் வெளியே எடுக்காம ஓடிஜியை அணைச்சுட்டு உள்ளேயே ஆற விடுங்க. இப்ப இருக்கிற விரிசலுக்காகத் தலையைத் தூக்கிப் போட வேண்டாம். திரவ பாலிமர்ல குழைச்ச அதே நிறக் களிமண்ணை அடைச்சு மறுபடி சுடலாம், எத்தனை தடவை சுட்டாலும் தாங்கும்.

பழுப்புத் திட்டு மேல் ராடோட வேலை. சின்ன ஓடிஜியில மேல் ராடு பொம்மைக்கு ரொம்பப் பக்கம். கீழ் ராடு மட்டும் போட்டு, மேல ஃபாயில் கூடாரம் போடுங்க. டயல்ல காட்டுற சூட்டை நம்பாதீங்க, உள்ளே வைக்கிற அவன் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிடுங்க. 15 நிமிஷம் முன்சூடு. பிறகு பாக்கெட்டுல போட்டிருக்கிற சூடு. பிராண்டைப் பொறுத்து 110 முதல் 130 டிகிரி செல்சியஸ், 6 மி.மீ. கனத்துக்கு அரை மணி நேரம். தலையைச் சோளமாவு (கார்ன் ஃபிளவர்) படுக்கையில வச்சா பின்மண்டை தட்டையாகாது. பாலிமர் களிமண் பி.வி.சி. பிளாஸ்டிக் சமாச்சாரம், கருகினா வர்ற புகை நெஞ்சை எரிக்கும். உடனே அணைச்சு ஜன்னலைத் திறக்கணும். சமையலும் இதுவும் ஒரே நேரத்துல அந்த அவன்ல வேண்டாம்.

சேலத்து சித்திரை வெயில்ல சுடாத களிமண் குழகுழன்னு ஆகி விரல் ரேகையெல்லாம் பதியும். வெள்ளைத் தாள் ரெண்டுக்கு நடுவுல ஒரு ராத்திரி வச்சா மிச்ச எண்ணெயைத் தாள் உறிஞ்சிடும். எங்க மலையில நேர் எதிர்: காலையில கல்லா இருக்கும், உள்ளங்கையில உருட்டிச் சூடேத்தினாதான் மசியும்.

ஓடிஜி இல்லாதவங்களுக்கு ஒரு வார்த்தை: சோளமாவு ஒரு கப், ஃபெவிகால் ஒரு கப், பேபி ஆயில் ரெண்டு டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு ரெண்டு டேபிள்ஸ்பூன், மெல்லிய தீயில கிளறி எடுக்கிற கோல்ட் போர்சலின் (சுடாம காத்துலயே காயுற மாவு) ஆகும். ஆனா காயும்போது சுருங்கும், தலையை 2.1 செ.மீ.க்குப் பிடிக்கணும். ஏற்காடு மாதிரி பனி இறங்குற இடத்துல மழைக்காலத்துல பூஞ்சை பிடிக்கும், அதனால இங்க நான் இதைச் சொல்றதில்லை. விரல்களுக்கு மட்டும் இது நல்லது, லேசா வளைஞ்சு கொடுக்கும்.

ஊசிநூல் (இளம்பிள்ளை):
பட்டு வேண்டாம்மா. அந்த அளவுல ஒரு ஜரிகை இழை தாம்புக்கயிறு மாதிரி தெரியும், துணியும் விறைப்பா கூடாரம் போட்டு நிக்கும். துவைச்சுத் துவைச்சு நைஞ்ச மல் துணியோ, மெல்லிய சைனா சில்க்கோதான் உடம்போட விழும். சேலை உயரம் 9.5 செ.மீ., பார்டர் 8 மி.மீ. கணக்குப்படி நீளம் 46 செ.மீ. வரும், ஆனா முழுசா சுத்தினா பாட்டிக்கு இடுப்பே இருக்காது. கீழ்ப்பகுதி, கொசுவம், முந்தானை மூணையும் தனித்தனியா வெட்டிச் சேருங்க. கொசுவம் 1 செ.மீ. அகலத்துல நாலு மடிப்பு போதும். ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணி மூணு பங்கு கலந்து லேசா நனைச்சு, பொம்மையைத் தெர்மகோல்ல குத்தி நிறுத்தி, ஒவ்வொரு மடிப்பையும் குண்டூசியால கீழ்நோக்கி இழுத்துக் காய விடுங்க. சைனா சில்க்ல கறை படியும், ஓரத்துல தடவிப் பாருங்க. படிஞ்சா ஹேர் ஸ்பிரே.

தாத்தா வேட்டி 16க்கு 10 செ.மீ. கரைக்கு 2 மி.மீ., அங்க மட்டும் ஒத்தை ஜரிகை ஒட்டிக்கலாம்.

முடிக்கு சவுரி எடுக்காதீங்க, நம்ம முடியே இந்த அளவுக்கு முரடு. தறியில மிஞ்சுற, முறுக்காத பட்டு இழை அருமையா இருக்கும். பாட்டிக்கு வெள்ளையும் சாம்பலும் கலந்து பல் துலக்குற பிரஷ்ஷால சீவுங்க. கழுத்தடியிலிருந்து மேல்நோக்கி வரிசையா ஒட்டி, கடைசியில வகிடு. பூ வைக்க வெள்ளை நூல்ல முடிச்சு முடிச்சா போட்டாலே மல்லிச்சரம். ரவையை ஒட்டுறவங்க உண்டு, மறு கொலுவுக்குள்ள வண்டு தின்னுடும். பொண்ணுக்குக் கொலுசு 1.5 செ.மீ. சுத்தளவு, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இருக்கிறதிலேயே மெல்லிசான சங்கிலியா கேட்டு வாங்குங்க.

கூடத்து ஊஞ்சல்:
ரொம்ப நன்றிங்க. கண்ணு பளபளக்க டிரான்ஸ்பரன்ட் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைக்கலாமா? அப்புறம் தாத்தா ஊஞ்சல்ல உட்காரணும், பாட்டி நிக்கணும்.

மரப்பாச்சி:
நெயில் பாலிஷ் வேண்டவே வேண்டாம். அதுல இருக்கிற கரைப்பான் பாலிமரை இளக்கி, நாள் போகப் போகப் பிசுபிசுன்னு தூசி பிடிக்கும். தண்ணியில கலக்குற அக்ரிலிக் வார்னிஷ் ஊசி முனையில ஒரு சொட்டு, கருவிழி மேல மட்டும்.

தாத்தாவுக்குத் தலை, முன்கை, முழங்காலுக்குக் கீழே மட்டும் களிமண். நடுவுல 20 கேஜ் கம்பி, அது மேல பஞ்சும் நூலும் சுத்தின உடம்பு. இடுப்பும் முழங்காலும் கம்பியில மடங்கும். வேட்டியை உட்கார வச்ச பிறகு கட்டுங்க, நின்னபடி கட்டிட்டு மடக்கினா மடியில புடைக்கும். பாட்டிக்குச் சுடுறதுக்கு முன்னாடியே ஒரு பாதத்துல கம்பியை 1 செ.மீ. வெளியே நீட்டி விடுங்க. வீட்டுத் தரையில அதே கனத்துக்கு ஒரு துளை போட்டுச் செருகினா போதும், பசை வேண்டாம். கொலு முடிஞ்சதும் உருவி எடுத்து வசம்போட பெட்டியில போட்டுடலாம்.