மறு: லூத்தர் கட்டுரையில் ‘பாவமன்னிப்புச் சீட்டு’

வணக்கம்.

> எல்லோருக்கும் பழகிய சொல். இப்போது ஏன் மாற்ற வேண்டும்?

ஆங்கிலத்தில் indulgence எனப்படுவதற்குப் ‘பாவமன்னிப்புச் சீட்டு’ பழகிய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜெர்மன் சமயச் சீர்திருத்தவாதி லூத்தர் இதன் விற்பனையை எதிர்த்து எழுதிய 95 கருத்துரைகளைத் தமிழாக்க உட்கார்ந்தால் ஐந்தாவதிலேயே இது காலை வாரிவிடுகிறது, ஐயா.

திருச்சபைக் கணக்கில் பாவத்துக்குக் குற்றம் வேறு, தண்டனை வேறு. பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடும்போது, குற்றம் மன்னிக்கப்பட்டுவிடும். மிச்சமுள்ள தண்டனையைத் தவம், தர்மம் என்று இங்கேயே கழிக்க வேண்டும். இல்லையென்றால் இறந்தபின் ஆன்மா தூய்மை பெறும் இடமான உத்தரிக்கிற ஸ்தலத்தில். அந்தத் தண்டனையை நீக்குவதுதான் நாம் பெயர் தேடும் சங்கதி. போப் தாம் விதித்த தண்டனையைத்தான் நீக்க முடியும் என்கிறது 5-ஆம் கருத்துரை. குற்றத்தை அவர் நீக்க முடியாது, கடவுள் நீக்கிவிட்டதாக அறிவிக்கத்தான் முடியும் என்கிறது 6. பெயரிலேயே ‘பாவமன்னிப்பு’ என்று போட்டுவிட்டால் இவை இரண்டும் எப்படிப் புரியும்? 71 இன்னும் சிக்கல். இதன் உண்மையை எதிர்த்துப் பேசுபவன் சபிக்கப்படட்டும் என்று லூத்தரே எழுதுகிறார்! 1517 அக்டோபரில் அவர் இதை அடியோடு தூக்கி எறியவில்லை. ஜெர்மனியின் மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்டுக்காக டெட்செல் என்ற துறவி கூவி விற்ற விதத்தையும் அளந்துவிட்ட பலன்களையும்தான் தாக்கினார்.

கத்தோலிக்க நூல்களில் ‘பலன்’, ‘பரிபூரண பலன்’ என்று உண்டு. நல்ல வழக்குதான். ஆனால் ‘பேராயர் ஆல்பிரெக்ட் பலன் விற்றார்’ என்று எழுதினால் வெளியாருக்கு ராசிபலன்தான் நினைவுக்கு வரும். இங்கே ஒருவர் சொன்ன ‘தண்டனைத் தள்ளுபடி’யில் ஆடி மாத வாடை. டெட்செலுக்குப் பொருந்தும், கலைக்களஞ்சியத்துக்கு ஆகாது.

என் பரிந்துரை ‘தண்டனைவிலக்கு’. வரிவிலக்கு மாதிரி. முழு விலக்கு, பகுதி விலக்கு என்று பிரிக்கவும் வரும். கையில் கொடுத்த தாளை மட்டும் ‘விலக்குச் சீட்டு’ எனலாம். அது உண்மையிலேயே சீட்டுதான்: 1454-லேயே மைன்ஸில், பெயரும் தேதியும் எழுத இடம்விட்டு அச்சடித்திருக்கிறார்கள். ‘தண்டனைவிலக்கு விற்பனையில் ஒரு பாதி ஆல்பிரெக்ட் ஃபுக்கர் வங்கிக் குடும்பத்திடம் வாங்கிய கடனுக்கும், மறுபாதி ரோமில் பேதுரு பேராலயத்துக்கும் போனது’ என்று எழுதிப் பார்த்தேன், தடங்கல் இல்லை.

பழைய சொல்லைத் தேடி வருபவர்களுக்கு வழிமாற்று வைத்துவிடலாம். முதல் பத்தியில் ‘பாவமன்னிப்புச் சீட்டு எனப் பரவலாக அறியப்படுவது’ என்று ஒருமுறை சொன்னால் போதும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அப்புறம், உத்தரிக்கிற ஸ்தலத்தை அப்படியே வைப்பதா என்பதைத் தனி இழையில் பேசுவோம்.