புதுப்பிப்பு: தயிரின் புளிப்பை அளக்கும் பி.எச். மீட்டர் சரியாகிவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: பி.எச். 7 பஃபரில் (பி.எச். மாறாமல் இருக்கும் சோதனைக் கரைசல்) மட்டும் அளவுதிருத்தம் செய்த மீட்டர், 4 பஃபரில் 4.6 காட்டுகிறது, எலக்ட்ரோடு (கரைசலில் முக்கும் உணர்கருவி) போய்விட்டதா என்று.

போகவில்லை. எலக்ட்ரோடு தரும் மில்லிவோல்ட் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி. 7-இல் 6, 4-இல் 148. வித்தியாசம் 142தான், 25 டிகிரியில் 177 அளவுக்கு வர வேண்டும். அதாவது ஸ்லோப் (பி.எச். மாறும்போது மில்லிவோல்ட் மாறும் வீதம்) இருக்க வேண்டியதில் 80 சதவீதம்.

காரணம் தயிர்ப் புரதம். கண்ணாடிக் குமிழிலும் பக்கத்துத் துளையிலும் படிந்திருந்தது. பெப்சின் (புரதத்தைச் செரிக்கும் நொதி) கலந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மணி நேரம், அப்புறம் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் இரவு முழுக்க ஊறவைத்தேன். இன்று காலை வித்தியாசம் 171. 7, 4 இரண்டிலும் திருத்திவிட்டேன்.

இன்னொன்று, இத்தனை நாள் எலக்ட்ரோடைக் காய்ச்சி வடித்த நீரில் வைத்திருந்தேன். தயவுசெய்து யாரும் அப்படி வைக்காதீர்கள், உள்ளிருக்கும் உப்புக் கரைசல் வெளியேறிவிடும்.