புதுப்பிப்பு: நெடுத்துப்போன தக்காளி, மிளகாய் நாற்றுகள்

மாரி மழைக்காக மட்டக்களப்பில் வீட்டுக்குள் லைட் போட்டு வளர்க்கும் நாற்றுகள் நூல் மாதிரி நெடுத்துச் சாய்கின்றன என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது தேறிவிட்டன.

வெளிச்சம் போதாததுதான் காரணம். எல்இடி டியூப்பை நாற்று நுனிக்கு மேலே 2, 3 அங்குலத்தில் தொங்கவிட்டு, வளர வளர உயர்த்துகிறேன். ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணித்தியாலம் எரியும், மிச்ச நேரம் அணைத்துவிடுவேன். புது இலைகள் நெருக்கமாக வருகின்றன. தண்டும் தடித்து, அடியில் லேசாக ஊதா ஓடியிருக்கிறது.

ஏற்கெனவே நெடுத்த தண்டு திரும்பக் குறுகாது. தக்காளியை விதையிலை (முளைத்ததும் முதலில் விரியும் இரண்டு இலை) வரை மண்ணில் இறக்கி நட்டால் புதைந்த தண்டிலேயே வேர் விடும். மிளகாயை அவ்வளவு ஆழமாகப் புதைக்க எனக்கு மனமில்லை, ஈர்க்குக் குச்சி கொடுத்துக் கட்டினேன்.

முளை தெரிந்ததும் மூடிய பொலித்தீனை எடுத்துவிடுங்கள். நம்ம ஊர் வெக்கையும் சேர்ந்தால் நாற்று இன்னும் வேகமாக நெடுக்கும். மேசை ஃபேனை மெதுவாக ஓடவிட்டால், ஆடி ஆடித் தண்டு பலப்படும். யூரியா போடலாமா என்று கேட்டவர்களுக்கு: வெளிச்சம் குறைந்த இடத்தில் வேண்டவே வேண்டாம், மெலிந்த தண்டுதான் வரும்.

மழை விட்டதும் ஒரு கிழமை வெளியே நிழலில் பழக்கி, அப்புறம்தான் நடுவேன்.