சின்ன இன நாய் பிரீடிங்: முதல் ஈத்து சமயத்துல நடந்து, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒண்ணைச் சொல்லுங்க

வேளச்சேரி_டாஷண்ட்

பேப்பர், மைக்ரோசிப், ஹீட் (பெட்டை இணைசேரத் தயாராகிற நாட்கள்) கணக்கு எல்லாம் இங்க எல்லாருக்கும் தெரியும். நேரா விஷயத்துக்கு வர்றேன்.

என்கிட்ட இருக்கிறது பிளாக் அண்ட் டான் மினி டாஷண்ட், பீமேல். கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) வம்சாவளிப் பேப்பர் சுத்தம். ரெண்டு வயசு தாண்டினதும் மேல் (ஆண் நாய்) தேட ஆரம்பிச்சேன். தாம்பரம் பக்கத்துல ஒரு பெரியவர்கிட்ட நல்ல லைன் (வம்சம்) இருக்குன்னு சொன்னாங்க, கூட்டிட்டுப் போனேன். பேப்பரை நீட்டினேன். வாங்கி டீப்பாய் மேல வச்சார், பிரிக்கவே இல்லை. தரையில சம்மணம் போட்டு உக்காந்து, அவளை மடியில மல்லாத்தி, பின்னங்காலை மெதுவா நீட்டி மடக்கினார். கட்டைவிரலால முட்டிச் சில்லை உள்பக்கமா ஒரு தள்ளு. சில்லு நழுவிப் போயி, விரலை எடுத்ததும் தானா பழைய இடத்துக்கு வந்துடுச்சு. அப்புறம் என் விரலைப் பிடிச்சு அதே இடத்துல வச்சு மறுபடி தள்ளினார். தோலுக்கு அடியில அது நகர்றது எனக்கே தெரிஞ்சுது.

"நல்லா ஓடுவா, விளையாடுவா, ஒண்ணும் ஆகாதும்மா. குட்டி மட்டும் எடுக்காதீங்க"ன்னார். ஸ்டட் பீஸ் (இணைசேர்க்க ஆண் நாய்க்காரருக்குக் கொடுக்கிற பணம்) பத்திப் பேச்சே எடுக்கல. காபி கொடுத்து அனுப்பி வச்சார். பிறகு டாக்டர்கிட்ட காட்டினேன், முட்டிச் சில்லு நழுவல், கிரேடு ஒண்ணு, அதாவது இருக்கிறதுலயே லேசானதுன்னு எழுதிக் கொடுத்தார். அவளுக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சு, இப்ப வீட்டுச் செல்லம்.

எனக்கு உறுத்தறது அவர் வேணாம்னு சொன்னது இல்லைங்க. அதுக்கு முன்னாடி நான் பேசின மேல்காரங்க யாருமே அவளைத் தொட்டுப் பார்க்கணும்னு கேட்கல. "ஹீட் வந்ததும் ஒன்பதாம் நாள் கூட்டிட்டு வாங்க, ஒரு குட்டி எனக்கு." அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பெரியவர் அன்னைக்கு ஊர்ல இல்லாம இருந்திருந்தா?

மதுரை_ஷிட்ஸு

அக்கா, படிச்சதும் எனக்கு எங்க வீட்டு ராத்திரி ஞாபகம் வந்துடுச்சு. அதுல முட்டி இல்லை, பால்.

பிரசவம் சுகமா முடிஞ்சு மூணாவது வாரம். நாலு குட்டி, நாலும் கொழுகொழுன்னு. சாயங்காலம் தாய் நிக்காம இரைச்சுக்கிட்டே இருந்தா. ஃபேன் ஃபுல்ல ஓடுது, வெயில் காலமும் இல்லை. குட்டிங்க பக்கம் போனா உடனே எழுந்துடறா. மூஞ்சியைத் தரையில தேய்க்கிறா. நடை விறைப்பா, பொய்க்கால் கட்டி நடக்கிற மாதிரி. எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு சீனியருக்கு வீடியோ அனுப்பினேன். "பால் குடுக்கிற அலுப்பு தம்பி, குளுக்கோஸ் தண்ணி குடு, காலையில பாத்துக்கலாம்"னார்.

தூக்கினேன். அவ தாடை என் முழங்கை மேல இருந்துச்சு. அந்தத் தாடை கடகடகடன்னு ஆடின ஆட்டம் இருக்கே, பல்லு ஒண்ணோட ஒண்ணு மோதற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. உடம்பு கொதிக்குது. காலையில வரைக்கும்லாம் இல்லைன்னு வண்டியை எடுத்துட்டேன். டாக்டர் பாத்ததும் சொல்லிட்டார், ரத்தத்துல கால்சியம் இறங்கிடுச்சு, எக்லாம்ப்சியான்னு. காய்ச்சல் 106. நரம்புல கால்சியம் ஏத்தினார். ஒரு கையில சிரிஞ்சு, இன்னொரு கையில ஸ்டெத், இதயத் துடிப்பைக் கேட்டுக்கிட்டே சொட்டுச் சொட்டா. வேகமா ஏத்தினா இதயமே நின்னுடுமாம். பாதி ஏறும்போதே நடுக்கம் அடங்கிடுச்சு.

இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தா வலிப்பு வந்து போயிருப்பான்னார். அந்தக் "காலையில பாத்துக்கலாம்" மட்டும் என் காதை விட்டுப் போகவே மாட்டேங்குது.

கோவை_மின்பின்

மதுரை சகோ, தாய் பிழைச்சதுல சந்தோஷம். ஆனா ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். சினையா இருக்கும்போது கால்சியம் சிரப் ஊத்தியிருப்பீங்க. நம்ம ஊர்ல எல்லாரும் பண்றது அதுதான். வயிறு தெரிஞ்ச உடனே மெடிக்கல்ல ஒரு பாட்டில். வெளியிலேருந்து தாராளமா வந்துக்கிட்டே இருந்தா, எலும்புலேருந்து கால்சியம் எடுத்துக் கொடுக்கிற பாராதைராய்டு சுரப்பி வேலையைக் குறைச்சுக்கும். குட்டி போட்டதும் பால்ல கால்சியம் அள்ளிக்கிட்டுப் போகும்போது அதால உடனே எழுந்து ஈடு கொடுக்க முடியாது. சின்ன உடம்பு, நிறைய குட்டி, முதல் நாலு வாரம், இதுதான் ஆபத்தான நேரம். சினையில தரமான குட்டித்தீவனம் கொடுத்தாலே போதும், தனியா கால்சியம் டாக்டர் சொல்லாம வேணாம்.

புதுசா வர்றவங்களுக்காக மத்ததையும் எழுதிடறேன். சினைக்காலம் சராசரி 63 நாள். 55 நாளுக்கு மேல ஒரு எக்ஸ்ரே எடுத்து எத்தனை குட்டின்னு எண்ணி வச்சுக்கோங்க. எண்ணிக்கை தெரியாம "முடிஞ்சுடுச்சு போல"ன்னு தூங்கப் போனா உள்ள ஒண்ணு மாட்டியிருக்கும். கடைசி வாரம் காலை, மாலை ஆசனவாய்ல டெம்பரேச்சர் பாருங்க. 99க்குக் கீழ இறங்கினா பெரும்பாலும் ஒரு நாளுக்குள்ள வலி வரும். நல்லா முக்கிக்கிட்டு அரை மணி ஆகியும் குட்டி வரலைன்னா டாக்டர். ஒரு குட்டிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ரெண்டு மணிக்கு மேல போனா டாக்டர். முதல் குட்டி வர்றதுக்கு முன்னாடியே பச்சையா நீர் வந்தா நச்சுக்கொடி பிரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம், யாருக்கும் போன் போட்டுக் கேட்டுட்டு இருக்காதீங்க, கிளம்பிடுங்க. ராத்திரி சிசேரியன் பண்ற டாக்டர் யாருன்னு மேட்டிங்குக்கு முன்னாடியே பேசி வையுங்க. மேட்டிங்குக்கு முன்னாடி ரெண்டு நாய்க்கும் புருசெல்லா (ஒரு பாக்டீரியா தொற்று) டெஸ்ட்டும் எடுங்க, அது மனுஷனுக்கும் தொத்தும். சமையலறைத் தராசு ஒண்ணு வாங்குங்க, குட்டிங்களைத் தினமும் எடை போடணும்.

என் அனுபவம்னா அந்தப் பச்சை நீர்தான். என் மின்பின்னுக்கு (மினியேச்சர் பின்ஷர்) நடுராத்திரியில வெள்ளைத் துணியில அந்த நிறத்தைப் பார்த்தேன். மூணுல ரெண்டு குட்டி பிழைச்சுது.

மதுரை_ஷிட்ஸு

அண்ணா, ஒரு சொட்டு கால்சியம் கூட நான் கொடுக்கல. எங்கயும் அப்படி எழுதவும் இல்லை. கொடுக்காமலும் வரும், டாக்டரே சொன்னார். நாலு குட்டியும் அவளையே உறிஞ்சிச்சு, அவ்வளவுதான். நீங்க எழுதினது நல்ல தகவல், ஆனா என் பேர்ல ஆரம்பிச்சிருக்க வேண்டாம்.

சேலம்_ஸ்பிட்ஸ்_அம்மா

சண்டை வேணாம்பா ரெண்டு பேரும். எடைத்தராசுன்னு தம்பி சொன்னதாலதான் எழுதறேன்.

என் பொமேரியனுக்கு கடைசியா வந்த குட்டி 75 கிராம். மத்ததெல்லாம் அதுக்கு ஒண்ணரை மடங்கு. தாய் அதை ஓரமா ஒதுக்கிட்டா. வாய்க்குள்ள விரலை விட்டா ஜில்லுன்னு இருந்துச்சு. என் மாமியார் இங்க் ஃபில்லர்ல பாலோட நிக்கறாங்க. டாக்டர் போன்லயே கத்தினார்: "பாலைக் கீழ வைங்க, முதல்ல உடம்பைச் சூடு பண்ணுங்க." சில்லிட்டுப் போன குட்டிக்குக் குடல் வேலை செய்யாதாம், ஊட்டற பால் செரிக்காம நுரையீரலுக்குப் போயிடுமாம். ரவிக்கைக்குள்ள நெஞ்சோட ஒட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு மூக்கால என் தோலைத் துழாவிச்சு பாருங்க, அப்பத்தான் தாய்கிட்ட விட்டேன், கவ்விக்கிச்சு. பெட்டிக்குள்ள முதல் வாரம் பூரா 30 டிகிரி செல்சியஸ் விடாம பாத்துக்கிட்டோம்.

அது பிழைச்சுது. அஞ்சாவது வாரம் ஒருத்தர் வந்தார், அந்தக் குட்டியைத்தான் காட்டினார். "இது டீகப்தானே? டபுள் ரேட் தர்றேன், இன்னைக்கே கொடுங்க." டீகப்னு ஒரு இனமே கிடையாது சார், இது எடை குறைஞ்சு பிறந்த குட்டி, சாப்பாடு ஒரு வேளை தள்ளினாலே சர்க்கரை இறங்கி மயங்கிடும், 8 வாரம் ஆகாம கொடுக்கறதும் சட்டப்படி தப்புன்னேன். அவர் நம்பல. நான் விலையை ஏத்தறேன்னு நினைச்சு இன்னும் கூட்டினார்! பிழைச்சதே பெரிசுன்னு நான் கும்பிட்டுக்கிட்டு இருந்த அந்தச் சின்ன உடம்பு, அவருக்கு விலை கூடின சரக்கு. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. குட்டி என்கிட்டயே இருக்கு.

திருச்சி_கென்னல்

வேளச்சேரி மேடம் எழுதினதுக்கு ஒரு மாற்றுக் கருத்து. கிரேடு ஒண்ணுன்னதுமே பிரீடிங்லேருந்து விலக்கறது அதிகப்படி. முட்டி சுத்தமா இருக்கிற மேலோட போட்டு, குட்டிங்களைப் பரிசோதிச்சு நல்லதை மட்டும் முன்னாடி கொண்டு போறவங்க வெளிநாட்டுலயும் இருக்காங்க. நம்ம நாட்டுல நல்ல டாஷண்ட் லைன் எத்தனை? ஒவ்வொரு சின்னக் குறைக்கும் ஒரு நாயைக் கழிச்சா, மிச்சம் இருக்கிற நாலு மேலையே எல்லாரும் சுத்திச் சுத்தி உபயோகிப்போம். அப்ப வேற வியாதி கிளம்பும்.

டாஷண்ட்ல நான் பயப்படறது முட்டிக்கு இல்லை, முதுகுக்கு. முதுகெலும்பு வட்டு நழுவிப் பின்னங்கால் விழுந்துடறது. நாலு டாஷண்ட்ல ஒண்ணுக்கு வாழ்நாள்ல ஏதோ ஒரு அளவுல வரும்னு சொல்றாங்க. குட்டைக் கால் கொடுக்கிற மரபணுவோட ஒட்டி வர்றது, அதனால டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தா ஏறக்குறைய எல்லா டாஷண்டுமே மாட்டும். டென்மார்க், நார்வே, பின்லாந்து பக்கமெல்லாம் ரெண்டுலேருந்து நாலு வயசுக்குள்ள முதுகை எக்ஸ்ரே எடுத்து, எத்தனை வட்டு சுண்ணாம்பு படிஞ்சு இறுகியிருக்குன்னு எண்ணி, குறைவா இருக்கிறதையே தேர்ந்தெடுக்கறாங்க. இங்க அதை யாரும் கேட்கறதில்லை. முதல் ஹீட்ல, ஒரு வயசு கூட ஆகாத பெட்டைக்கு மேட்டிங் பண்றாங்க. நாய் பிரீடிங் பத்தின 2017 மத்திய விதிகள்ல குறைஞ்சது 18 மாசம்னு தெளிவா இருக்கு. மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணணும், வருஷத்துக்கு ஒரு ஈத்து, ஆயுசுக்கு அஞ்சு, எல்லாம் எழுதியிருக்கு.

என் சம்பவம் சின்னது. மேல் தேடும்போது எல்லார்கிட்டயும் ஒரே கேள்விதான்: "இவன் கூடப் பிறந்ததுல யாருக்காவது முதுகு பிரச்சினை வந்திருக்கா?" எல்லாரும் "சேச்சே, எங்க லைன்ல கிடையாது சார்". ஒரே ஒருத்தர் மட்டும் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினார். அந்த மேலோட தங்கச்சி, பின்னாடி ரெண்டு சக்கரம் கட்டின வண்டியோட வாசல்ல ஓடிக்கிட்டு இருந்துச்சு. "மூணு வயசுல விழுந்துட்டா. தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க"ன்னார். அவர் மேலை நான் எடுத்துக்கல. ஆனா இன்னைக்கும் ஒரு சந்தேகம்னா அவருக்குத்தான் போன் போடுவேன்.

வேளச்சேரி_டாஷண்ட்

திருச்சி சார், லைன் குறுகிடும்ங்கறது நியாயம். ஆனா "குட்டிங்களைப் பரிசோதிச்சு"ன்னு சொன்னீங்களே, அதுக்குக் குட்டி வாங்கினவங்க பின்னாடி பல வருஷம் தொடர்புல இருக்கணும். அதைச் செய்யற பிரீடருக்கு உங்க வாதம் பொருந்தும். முதல் ஈத்து எடுக்கிறவங்களுக்கு அந்தப் பெரியவர் சொன்னதுதான் சரின்னு இன்னும் நினைக்கறேன்.

அம்பத்தூர்_பக்

நான் ஈத்தே எடுக்கல, அதனால இங்க எழுதலாமான்னு தெரியல. என்கிட்ட இருக்கிறது ஷோல பரிசு வாங்கின பக் (மூக்கு அமுங்கின இனம்), மேல். ஸ்டட்டுக்குக் கேட்டு வாரா வாரம் போன் வரும். ஒரு மே மாச மதியம், கேட் கம்பியில தாடையை முட்டுக் கொடுத்து, உக்காந்தபடியே தூங்கிக்கிட்டு இருந்தான். படுத்தா மூச்சு அடைக்குது, அதான் அப்படித் தூங்கறான்னு டாக்டர் சொன்னார். அதை நாங்க அழகுன்னு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சிருந்தோம், லைக் குவிஞ்சுது.

நெதர்லாந்துல 2019லேருந்து, மூக்கு நீளம் மண்டையில மூணுல ஒரு பங்காவது இல்லாத நாயை இனப்பெருக்கம் பண்ணக் கூடாதுன்னு அளவே வச்சிருக்காங்க. 2024ல தமிழ்நாடு அரசு வெளியிட்ட கொள்கையிலயும் நம்ம வெயிலுக்கு ஆகாத இனங்கள்ல பக் இருந்துச்சு. அப்ப குரூப் பூரா கோபம். எனக்குக் கோபம் வரல. மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தி ஆபரேஷன் பண்ணினப்புறம் இப்ப படுத்துத் தூங்கறான். ஸ்டட்டுக்குக் கேக்கறவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன்.

புது_உறுப்பினர்_ஈரோடு

எல்லாத்தையும் படிச்சேன், நன்றி. ஒரு கேள்வி. என்கிட்ட சில்வர் டாபில் (உடம்புல திட்டுத்திட்டா நிறம் இருக்கிற) டாஷண்ட் மேல் இருக்கான். டாபில் பீமேல் கிடைச்சா குட்டி எல்லாமே டாபிலா வரும், நல்ல விலை போகும்னு ஒரு கென்னல்காரர் சொல்றார். போடலாமா?

வேளச்சேரி_டாஷண்ட்

வேணாம் தம்பி, கண்டிப்பா வேணாம். எல்லாமே டாபிலா வரும்ங்கறதே தப்பு. ரெண்டு பக்கமும் டாபில் மரபணு ஒத்தையா இருந்தா, சராசரியா நாலுல ஒரு குட்டிக்கு அந்த மரபணு இரட்டையா சேரும். பாதி வெள்ளையா, நீலக்கண்ணோட பார்க்க அழகா இருக்கும். ஆனா காது கேக்காம, கண்ணு சரியா வளராம, சிலது கண்ணே இல்லாம பிறக்கலாம். டாபிலை டாபில் இல்லாததோடதான் போடணும். அதுலயும் ஒண்ணு கவனிங்க: சிவப்பு டாஷண்ட்ல டாபில் வெளியில தெரியாமலே இருக்கலாம். அதனால சிவப்பு பீமேல் பார்த்தீங்கன்னா குட்டியில எடுத்த போட்டோவும், அப்பா அம்மா போட்டோவும் கேளுங்க, இல்லைன்னா மெர்ல் (டாபிலுக்கு இன்னொரு பேர்) டி.என்.ஏ. டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. உங்க மேலுக்கு இப்ப என்ன வயசு, முதுகு எக்ஸ்ரே எடுத்திருக்கீங்களா?